பயந்து இறந்த பிள்ளைகள்

1856-ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் ஃபிரீட்ரிஷ் லுட்விக் மைஸ்னர் என்ற மருத்துவர், காது கேளாமை பற்றியும் கேளாதோர் கல்வி பற்றியும் ஒரு நூல் வெளியிட்டார். கேளாத பிள்ளைகளுக்கென ஜெர்மனியில் முதல் பொதுப் பள்ளியை சாமுவேல் ஹைனிக்கே 1778-இல் தொடங்கியதும் அதே ஊரில்தான். மைஸ்னரின் நூலில் ஒரு சிறுமி வருகிறாள். காது கேளாதவள். பள்ளியில் ஏதோ தவறு செய்துவிட்டாள் என்று எல்லோர் முன்னிலையிலும் நிறுத்தி வைத்துக் கண்டித்தார்கள். நின்ற இடத்திலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனாள். செய்தியைக் கேட்ட பெற்றோர் ஆச்சரியப்படவில்லை. அவர்களுக்கு இதற்கு முன்பே இரண்டு பிள்ளைகள் இப்படிப் போயிருந்தன. ஒரு பிள்ளை பெரிதாகப் பயந்தபோது. மற்றொரு பிள்ளை கடுங்கோபம் கொண்டபோது.

அந்தப் பெற்றோரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் இதய மின்னோட்டக் கோளாறுகளின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் முதல் மரியாதையை அவர்களுக்குத்தான் செய்வேன். மூன்று சாவுகளையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தக் கோவைக்கு விஞ்ஞானம் வந்து சேர நூற்று நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

நான் அரசு மருத்துவமனையில் இசிஜி டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என் மேசைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர்கள். பிள்ளைகள் குறைவு. வந்த பிள்ளைகளிலும் பலர் வலிப்பு என்று வேறு எங்கோ மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள். விழுந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தை வைத்து அழுத்திய தாய்மார்களையும், வேப்பிலை அடித்துக் கயிறு கட்டி அழைத்து வந்த பாட்டிமார்களையும் பார்த்திருக்கிறேன். "எப்படிம்மா விழுந்தான்?" என்று கேட்டால், "நாய் தொரத்துச்சு சிஸ்டர், பயந்துட்டான்" என்பார்கள். ஓ.பி. சீட்டில் அது ஏறாது. 'மயக்கம்' என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடும். மைஸ்னர் என்ற மனிதர், பாமரப் பெற்றோர் சொன்ன பயத்தையும் கோபத்தையும் அப்படியே புத்தகத்தில் ஏற்றிவைத்தாரே, அதற்காக அவரைக் கும்பிடத் தோன்றுகிறது.

அவரால் அதற்கு மேல் போக முடியாது. இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் பார்க்கும் கருவி அன்றைக்கு இல்லை. ஜாவா தீவின் செமராங்கில் பிறந்து, நெதர்லாந்தின் லைடன் நகரில் வேலை பார்த்த வில்லெம் ஐந்தோவன் அதை 1900-களின் தொடக்கத்தில் செய்தார். அந்தக் கருவி ஒரு அறையையே அடைத்துக்கொள்ளும். இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நாங்கள் இன்றும் சொல்லும் பி, கியூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகளை அலைகளுக்கு வைத்தவர் அவர்தான். 1924-இல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி. கியூ தொடங்கும் இடத்திலிருந்து டி முடியும் இடம் வரை எண்ணினால், இதயத்தின் கீழறைகள் மின்னேறி மறுபடி அமைதியாகும் நேரம் கிடைக்கும். அதுதான் கியூடி. நிமிடத்துக்கு அறுபது துடிப்பு உள்ளவருக்கு ஏறக்குறைய பத்துக் கட்டத்தில் முடிந்துவிடும். துடிப்பு வேகமானால் அது சுருங்கும் என்பதால் 1920-இல் ஹென்றி பாஸெட் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். இன்றைய மெஷின் இதையெல்லாம் தானே போட்டு, தாளின் தலையில் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறது. டி அலை தட்டையாகவோ இரட்டை முகடாகவோ இருந்தால் மெஷின் முடிவைத் தப்பான இடத்தில் பிடிக்கும். எங்கள் பிரிவின் மூத்த மருத்துவர், "கேளாத பிள்ளைக்கு எடுத்தால் கியூடியை நீயே கையால் அளந்து எழுதாமல் என்னிடம் தராதே" என்பார். அந்தக் கட்டளைக்குப் பின்னால் ஒரு நார்வே குடும்பம் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நார்வேயின் டோன்ஸ்பெர்க் ஊரில் ஆண்டன் யெர்வெல், ஃபிரெட் லாங்கெ-நீல்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். இரண்டாமவர் ஜாஸ் குழுவில் டபுள் பேஸ் வாசித்தவரும்கூட. 1957-இல் இருவரும் அமெரிக்க இதய இதழ் ஒன்றில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகள். நான்கு பேருக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வரவில்லை. அந்த நால்வருக்கும் அடிக்கடி மயக்கம். நால்வரில் மூவர் திடீரென்று இறந்தார்கள், 4, 5, 9 வயதில். காது கேட்ட மற்ற இருவருக்கும் ஒன்றுமில்லை. பெற்றோரும் நன்றாக இருந்தார்கள். கேளாத பிள்ளைகளின் இசிஜியில் கியூடி நீண்டு கிடந்தது. இதயத்தின் தசையிலோ வால்விலோ குறையே இல்லை. சுருங்குவதும் விரிவதும் சரியாக நடக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மின்னோட்டம் அடங்கத்தான் தாமதமாகிறது.

அந்தத் தாமதம் ஏன் கொல்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியுள்ள சவ்வில் நுண்ணிய புரதத் துளைகள் உண்டு. அயனிக் கால்வாய்கள் என்கிறார்கள். ஏரி மதகுகளைப் போல, வேளை வரும்போது திறந்து வேளை முடிந்ததும் மூடிக்கொள்பவை. சோடியம் உள்ளே பாயும்போது செல் விழித்துக்கொள்கிறது. கால்சியம் வந்து தசையைச் சுருங்க வைக்கிறது. பொட்டாசியம் வெளியேறும்போது செல் ஓய்வுக்குத் திரும்புகிறது. பொட்டாசியத்தின் வழி அடைபட்டாலோ குறைந்தாலோ ஓய்வு தள்ளிப்போகிறது. தாளில் கியூடி நீள்கிறது. ஓய்வு முடியாத நிலையில் அடுத்த தூண்டல் வந்து விழுந்தால் கீழறைகள் தாளம் தப்பி முறுக்கிக்கொண்டு துடிக்க ஆரம்பிக்கும். ரத்தம் மூளைக்கு ஏறாது. பிள்ளை விழும். கை கால் வெட்டும். பார்ப்பவர் வலிப்பு என்பார். தாளம் தானாகத் திரும்பினால் பிள்ளை எழுந்துகொள்ளும். திரும்பாவிட்டால் எழாது.

பயத்துக்கும் கோபத்துக்கும் இதில் என்ன வேலை? பயந்தால் அட்ரினலின் சுரந்து இதயம் விரைகிறது. நல்ல இதயத்தில் அதே வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பொட்டாசியக் கால்வாய் ஒன்று கூடுதலாகத் திறந்து கியூடியைச் சுருக்கும். இந்தப் பிள்ளைகளுக்குக் குறைபட்டிருப்பது அதே கால்வாய்தான். லைப்சிக் சிறுமி கூட்டத்தின் நடுவே நின்றபோது அவள் உடம்பில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

1963-இல் இத்தாலியின் செசாரினோ ரோமானோவும், 1964-இல் டப்ளினின் ஓவன் கோனர் வார்டும் இதே நீண்ட கியூடியைக் காது நன்றாகக் கேட்கும் பிள்ளைகளிடம் கண்டார்கள். அதே காலத்தில் ஃபிரேசர், ஃபிராகட் என்ற ஆய்வாளர்களும் அவர்களுடன் இருந்தவர்களும் பிரிட்டன், அயர்லாந்து கேளாதோர் பள்ளிப் பிள்ளைகளிடம் நார்வேக் குடும்பத்தில் கண்ட நோயைத் தேடினார்கள். அவர்கள் கணக்குப்படி, 4 முதல் 15 வயதுக்குள் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒன்றரை முதல் ஆறு பேர் வரை. சிறிய எண்தான். ஆனால் பள்ளியைத் தேடிப் போய்ப் பார்த்தார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கேளாத பிள்ளை மயங்கி விழுந்தால், விழும் முன் என்ன தோன்றியது என்பதை நமக்குப் புரியும்படி சொல்ல முடியாமல் போகலாம். அந்தப் பிள்ளையிடம் நாம்தான் போக வேண்டும்.

கேளாதோர் பள்ளி முகாம்களுக்கு நானும் போயிருக்கிறேன். "அசையாமல் படு" என்று சொன்னால் அவர்களுக்குக் கேட்காது. கிளிப்பை முதலில் என் மணிக்கட்டில் மாட்டிக் காட்டுவேன். ஜெல்லின் குளிர்ச்சியை அவர்கள் விரலில் தொட்டுக் காட்டுவேன். பயம் போன பிறகுதான் பட்டனை அழுத்துவேன். பயந்த இதயத்தின் தாளில் கியூடியை அளப்பது கடினம் என்பது ஒரு காரணம். லைப்சிக் சிறுமியைப் பற்றிப் படித்த பிறகு, அவர்களைப் பயமுறுத்தக் கூடாது என்பதே முதல் காரணம் ஆகிவிட்டது.

சிகிச்சை மரபணுவுக்காகக் காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் ஆர்தர் மாஸ் 1971-இல், இதயத்துக்கு அட்ரினலின் தூண்டலைக் கொண்டுபோகும் இடப்பக்க நரம்புமுடிச்சை வெட்டி ஒரு நோயாளியின் மயக்கத்தை நிறுத்தியதாக எழுதினார். மிலான் நகரத்தின் பீட்டர் ஷ்வார்ட்ஸ் அதே வழியில் போனார். இருவரும் சேர்ந்து 1979-இல் உலகம் முழுவதிலுமுள்ள நீண்ட கியூடி குடும்பங்களுக்கு ஒரு பதிவேடு தொடங்கினார்கள். அட்ரினலினைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எத்தனை உயிர்களைக் காக்கிறது என்பது அப்படிச் சேர்த்த குடும்பக் கதைகளிலிருந்துதான் தெரிந்தது. பெற்றோர் சொல்வதைக் கேட்டு எழுதும் மைஸ்னரின் வேலையை இவர்கள் பெரிய அளவில் செய்தார்கள் என்பேன்.

மரபணுவைத் தேடும் வேலை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சூடு பிடித்தது. அங்குள்ள மார்மன் சமயத்தார் வம்சாவளியைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைப்பவர்கள். குடும்பங்களும் பெரியவை. சால்ட் லேக் சிட்டியில் மார்க் கீட்டிங் குழு 1991-இல் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து, குறை 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டியது. 1995-இல் வேறு குடும்பங்களில் இரண்டு மரபணுக்கள் பிடிபட்டன. ஒன்று ஹெர்க் எனப்படும் பொட்டாசியக் கால்வாய்க்கு உரியது, மற்றொன்று எஸ்சிஎன்5ஏ என்ற சோடியக் கால்வாய்க்கு உரியது. 1996-இல் 11-ஆம் குரோமோசோமின் மரபணுவும் கிடைத்தது. இன்று அதன் பெயர் கேசிஎன்கியூ1.

அடுத்த ஆண்டே பிரெஞ்சு ஆய்வாளர்கள், நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த இரண்டு குடும்பங்களின் கேளாத பிள்ளைகளிடம் அதே கேசிஎன்கியூ1 இரண்டு பிரதிகளிலும் பழுதாகியிருப்பதைக் கண்டார்கள். உள்காதில் ஒரு திரவம் இருக்கிறது. ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அதில் தோய்ந்திருக்கின்றன. அந்தத் திரவத்துக்குப் பொட்டாசியத்தை இறைப்பது இதயத்தில் இருக்கும் அதே கால்வாய். ஒரு பிரதி நன்றாக இருந்தால் காதுக்குப் போதும். இரண்டும் போனால் திரவம் வற்றி, செவி பிறவியிலேயே அடங்கிவிடும். நார்வேக் குடும்பத்தில் காதும் இதயமும் ஏன் சேர்ந்தே கெட்டன என்ற நாற்பது வருடக் கேள்விக்கு விடை அதுதான். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பழுதும் ஒரு பிள்ளையிடம் சேரும் வாய்ப்பு ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒன்று. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் நம் பக்கத்தில் இந்தக் கணக்கைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். ஒரே பாட்டனின் பழுது இரு வழியிலும் இறங்கி வரச் சாத்தியம் அதிகம்.

கேசிஎன்கியூ1 கிடைத்ததும் அதன் உடன்பிறப்புகளைத் தேடினார்கள். 1998-இல் கேசிஎன்கியூ2, கேசிஎன்கியூ3 அகப்பட்டன. அவை இருப்பது மூளையின் நரம்புச் செல்களில். பிறந்து இரண்டு மூன்று நாளில் வலிப்பு வந்து, சில வாரங்களில் அல்லது மாதங்களில் தானே நின்றுவிடும் ஒரு பரம்பரை நோயை வியன்னாவின் ஆண்ட்ரியாஸ் ரெட்டும் டாய்பலும் 1964-இல் விவரித்திருந்தார்கள். காரணம் இந்த இரண்டு மரபணுக்கள். 1999-இல் வந்த கேசிஎன்கியூ4, வயது ஏற ஏறச் செவித்திறன் குறையும் சில குடும்பங்களின் மரபணு. இதய நோய், நரம்பு நோய், காது நோய் என்று நாம் தனித்தனி வார்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். செல்லின் சவ்வில் அப்படிச் சுவர் கிடையாது.

நரம்புப் பக்கத்தில் என்னை மிகவும் உலுக்கியது ட்ராவே நோயின் கதை. மார்செய் நகரத்தின் சார்லட் ட்ராவே 1978-இல் அதை விவரித்தார். முதல் வயதுக்குள், பெரும்பாலும் காய்ச்சலோடு, நீண்ட வலிப்பு வரும். பிறகு வளர்ச்சி பின்தங்கும். முதல் வலிப்பு பல பிள்ளைகளுக்குத் தடுப்பூசிக் காய்ச்சலில் வந்தது. ஊசிதான் மூளையைக் கெடுத்தது என்றார்கள். 1970-களில் பிரிட்டனில் இந்த அச்சத்தால் கக்குவான் தடுப்பூசி போட்டுக்கொள்வது வெகுவாகச் சரிந்து, கக்குவான் திரும்ப வந்தது. 2001-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் ட்ராவே பிள்ளைகளிடம் எஸ்சிஎன்1ஏ என்ற சோடியக் கால்வாய் மரபணுவில் பழுதைக் கண்டார்கள். ஆஸ்திரேலியாவின் சாமுவேல் பெர்கோவிச் குழு 2006-இல், தடுப்பூசியால் மூளை கெட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைத் தேடிப் பரிசோதித்தது. 11 பேரிடம் அந்த மரபணு மாறுபாடு இருந்தது. பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றியவை. ஊசி போட அழைத்துப்போன தாய் எத்தனை இரவு தன்னையே நொந்துகொண்டு கிடந்திருப்பாள்! அவளுக்கு அந்த ஒரு ரத்தப் பரிசோதனை கொடுத்த விடுதலையை எந்த மருந்தும் கொடுத்திருக்க முடியாது. நடைமுறையிலும் பலன் உண்டு: வலிப்புக்கு வழக்கமாகத் தரும் கார்பமசெபின் போன்ற, சோடியக் கால்வாயை அடைக்கும் மருந்துகள் இந்தப் பிள்ளைகளின் நிலையை மோசமாக்கும்.

பழி விழுவது புதிதல்ல. ஷ்லெஸ்விக் பகுதியின் காப்பெல்ன் ஊர் மருத்துவர் யூலியஸ் தாம்சன், பிடித்த பிடியைத் தசை உடனே விட மறுக்கும் தன் குடும்ப நோயைப் பற்றி 1876-இல் எழுதினார். அவருக்கே அது இருந்தது. அவர் மகன் ராணுவ சேவையிலிருந்து தப்ப நடிக்கிறான் என்று சந்தேகிக்கப்பட்டதால்தான் எழுத நேர்ந்தது. அது தசையின் குளோரைடுக் கால்வாய்க் கோளாறு என்பது 1992-இல் தெரிந்தது.

எல்லாவற்றிலும் கொடியது ஆஸ்திரேலியாவின் கேத்லீன் ஃபோல்பிக்குக்கு நேர்ந்தது. 1989-க்கும் 1999-க்கும் இடையில் அவருடைய நான்கு குழந்தைகள் ஒவ்வொருவராக இறந்தார்கள். தாய்தான் கொன்றாள் என்று 2003-இல் தண்டித்தார்கள். பின்னாளில் கரோலா வினுவேசாவும் உடன் ஆய்ந்தவர்களும் தாயிடமும் இரண்டு மகள்களிடமும் சிஏஎல்எம்2 என்ற மரபணுவில் ஒரு மாறுபாட்டைக் கண்டார்கள். இதயத்தின் கால்சிய, பொட்டாசியக் கால்வாய்களுக்குக் கட்டளை கொடுக்கும் கால்மோடுலின் என்ற புரதத்தின் மரபணு அது. தாள மாற்றத்தால் அந்தப் பெண் குழந்தைகள் இறந்திருக்கலாம் என்றாயிற்று. இருபது ஆண்டு சிறைக்குப் பிறகு 2023 ஜூனில் மன்னிப்பு. டிசம்பரில் தீர்ப்பு ரத்து. ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்தால் லைப்சிக் பெற்றோர் அதைக் குடும்பத்தில் ஓடும் ஒன்றாகப் பார்த்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு நீதிமன்றம் அதைக் கொலையாகப் பார்த்தது. மரபணு மாறுபாடு கண்டதெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகிவிடாது, ஒவ்வொன்றையும் ஆய்வகத்தில் சோதித்துத்தான் சொல்ல முடியும் என்பதும் உண்மை. ஆனால் சந்தேகத்தின் பலனைத் தாய்க்குத் தர அவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது.

வாசிக்கும் உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பிள்ளை ஓடும்போதோ, நீந்தும்போதோ, திட்டு வாங்கும்போதோ, பட்டாசோ அலாரமோ ஒலித்துத் திடுக்கிடும்போதோ மயங்கி விழுந்தால், எந்த நேரத்தில் எப்படி விழுந்தது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொந்தத்தில் சின்ன வயதில் தூக்கத்திலோ குளத்திலோ திடீரென்று போனவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள்; கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். வலிப்பு மாத்திரை தொடங்கும் முன் ஒரு இசிஜி எடுத்துக் கியூடியை அளந்து தரச் சொல்லுங்கள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைக்கு, மயக்கமே வராவிட்டாலும், காதுக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முன்பாவது அதைக் கட்டாயம் எடுங்கள். நீண்டிருந்தால் பெற்றோருக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் எடுக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கேட்பதில்லை. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.